வண்டியில் ஏரியலை எங்கே மாட்டுவது?

கார், ஜீப், ஆம்புலன்ஸில் ரேடியோ செட் வைப்பது பற்றி வந்து சேர்ந்திருந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் "எந்த ஏரியல் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. வாங்குவதைவிட மாட்டுகிற இடம்தான் பெரிய விஷயம் என்பதால் கம்பெனி, மாடல் பெயர் கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடைக்காது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் வந்துவிட்டது. ஸ்விஃப்ட் காரில் 25 வாட் வி.எச்.எஃப். செட் வைக்கப் போகிறேன். பொருத்தித் தருகிறவர் டிக்கிக் கதவின் ஓரத்தில் கிளாம்ப் போட்டுவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்கிறார். நண்பர்கள் கூரை நடுவில்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு வித்தியாசம் வருமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

வரும். ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கடையில் நீங்கள் வாங்குகிற கம்பி ஏரியலில் பாதிதான். மீதிப் பாதி வண்டியின் தகரம். கேபிளின் நடுக்கம்பி ஏரியலுக்குப் போகிறது, வெளிவலை வண்டியின் உடம்போடு சேருகிறது, கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ அதற்கு ஈடாகத் தகரத்திலும் ஓடியாக வேண்டும். தகரம் போதாமல் போனால் அந்த மின்சாரம் கேபிளின் வெளிப்பக்கம் வழியாகத் திரும்பி வண்டிக்குள்ளேயே வருகிறது. மைக்கைப் பிடித்தால் குரல் கரகரக்கிறது, டேஷ்போர்டில் ஏதோ ஒரு விளக்கு மின்னுகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

எவ்வளவு தகரம் வேண்டும்? ஏரியலைச் சுற்றி எல்லாப் பக்கமும் கால் அலைநீளம். ஹாம் வி.எச்.எஃப். செட்டுகள் பேசுகிற 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2 மீட்டர், அதில் கால்வாசி அரை மீட்டர். சின்னக் காரின் கூரை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் இருக்கும், நடுவில் வைத்தால் இடம், வலம் இரண்டு பக்கமும் அரை மீட்டர் கிடைத்துவிடுகிறது. நம் ஊர்க் கார்களுக்கும் 2 மீட்டர் பேண்டுக்கும் ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்றே சொல்லலாம்.

ஓரத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஏரியலிலிருந்து பார்த்தால் எந்தத் திசையில் தகரம் அதிகமாக விரிந்திருக்கிறதோ அந்தத் திசையில் சிக்னல் பலமாகப் போகும். பின்பக்க இடது மூலையில் மாட்டினால் முன்பக்க வலதுபுறம் நன்றாகக் கேட்பார்கள், பின்னால் இருப்பவர் "திரும்பச் சொல்லுங்க" என்பார். கொஞ்ச தூரத்தில் இருக்கிறவரிடம் பேசும்போது இது தெரியாது. மலைமேல் இருக்கிற ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கிப் பலமாகத் திரும்ப அனுப்புகிற செட்) தொடுகிற எல்லையில், வண்டி ஒரு வளைவில் திரும்பியதும் பேச்சு அறுந்துபோகும்போதுதான் தெரியும்.

டிக்கிக் கதவில் இன்னொரு வம்பும் உண்டு. கதவு உடம்போடு சேர்வது கீல்கள் வழியாக மட்டும்தான், சுற்றிலும் ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலே பெயின்ட். கண்ணுக்கு ஒரே தகரமாகத் தெரிவது ரேடியோவுக்குத் தனித் தனித் துண்டு. அந்த இடம்தான் வேண்டும் என்றால் கிளாம்பின் திருகு பெயின்டைத் துளைத்து வெறும் இரும்பைக் கடிக்க வேண்டும், கதவுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு சின்னத் தாமிரப் பின்னல் பட்டையும் போட வேண்டும். அப்படிச் செய்தால் ஓடும், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கூரை நடுவுக்கு ஈடாகாது.

கூரை நடுவில் வைக்க வேண்டும் என்றால் ஓட்டை போட வேண்டியிருக்கும். வண்டியை விற்கும்போது யார் வாங்குவார்கள்? மழை ஒழுகாதா?
— ஒரு வாசகர், சேலம்

ஒழுங்காகப் போட்ட ஓட்டை ஒழுகாது. போலீஸ் ஜீப்பில் கூரைமேல் கம்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அடை மழையிலும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விற்கும்போது அந்த இடத்தில் ஒரு ரப்பர் மூடியைத் திருகிவிட்டுக் கொடுங்கள், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

வண்டிக்கு என்று இருக்கிற என்.எம்.ஓ. மவுன்ட்டுக்கு (ஏரியலைத் திருகி நிறுத்துகிற அடிப்பாகம்) முக்கால் அங்குலத் துளை, அதாவது 19 மில்லிமீட்டர். இதை யார் போடுகிறார், எப்படிப் போடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் உள்ளே இருக்கிற கூரை விளக்கைக் கழற்றுங்கள், அந்தச் சந்து வழியாகக் கையை விட்டுத் தடவினால் குறுக்கே போகிற விட்டங்கள் எங்கே, வயர் எங்கே என்று பிடிபடும். விட்டத்தின் மேல் துளை விழக் கூடாது. இப்போது வருகிற பல கார்களில் கதவுகளுக்கு மேலே கூரையின் இரண்டு ஓரங்களிலும் திரை ஏர்பேக் சுருட்டி வைத்திருக்கிறார்கள். கூரை நடுவில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கேபிளைக் கீழே இறக்கும்போது முன்கண்ணாடி ஓரத் தூண் வழியாக இழுத்து ஏர்பேக்குக்கு முன்னால் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் அது வெடித்து விரியும்போது குறுக்கே ஒரு கேபிள் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேபிள் ஏர்பேக்குக்குப் பின்பக்கமாகப் போக வேண்டும், அதைக் கட்டியிருக்கிற கிளிப்புகளில் இதைச் சேர்த்துக் கட்டவும் கூடாது. உங்கள் வண்டியில் ஏர்பேக் எங்கெங்கே இருக்கிறது என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் படத்தோடு இருக்கும், பட்டறைக்குப் போகும்போது அதைக் கையில் எடுத்துப் போங்கள்.

துளை போடுகிற இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, அதன்மேல் அளந்து குறி வையுங்கள். சாதாரண டிரில் பிட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் போட்டால் ஓட்டை முக்கோணமாக வரும். ஹோல் சா என்கிற வட்டத் துளை ரம்பம் வேண்டும், அதுவும் ஆழம் தடுக்கிற விளிம்பு உள்ளது, இல்லையென்றால் தகரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற லைனிங் துணியைச் சுற்றி இழுத்துக்கொண்டு வரும். முடிந்ததும் இரும்புத் தூளைத் துணியால் தேய்க்காதீர்கள், பெயின்டில் கோடு விழும். டேப்போடு சேர்த்து உரித்து எடுத்து, மிச்சத்தை வாக்யூம் போட்டு உறிஞ்சுங்கள். ஒரு பொட்டுத் தூள் கூரையில் தங்கினாலும் அடுத்த மழைக்குத் துருப்புள்ளி வந்துவிடும். மவுன்ட்டின் பல் பிடிக்கிற உள்பக்க வளையத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டுங்கள். வெளிப்பக்கம் ரப்பர் வளையம் உட்காருகிற இடத்தில் பெயின்ட் அப்படியே இருக்கட்டும், துளையின் வெட்டு விளிம்பில் லேசாக கிரீஸ் தடவுங்கள்.

டிங்கரிங் கடையில் போய் "அண்ணே, ஒரு ஓட்டை" என்றால் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

காந்த ஏரியல் வாங்கினேன். வேலை செய்கிறது. நாலு வழிச் சாலையில் வேகமாகப் போனால் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கூரையில் கீறலும் விழுகிறது.
— ஒரு வாசகர், மதுரை

காந்தத்தைக் குறை சொல்ல மாட்டேன். கூரை நடுவில் உட்கார்ந்த காந்த ஏரியல், டிக்கி ஓரத்தில் திருகின விலை உயர்ந்த ஏரியலைத் தோற்கடிக்கும். காந்தத் தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் பெயின்ட் இருந்தாலும் இரண்டும் சேர்ந்து ஒரு கண்டன்சர் மாதிரி வேலை செய்வதால் 145-லும் ஹாம் யு.எச்.எஃப். பேண்டான 435 மெகாஹெர்ட்ஸிலும் இணைப்பு கிடைத்துவிடுகிறது.

விழுவது காந்தத்தின் அளவையும் கம்பியின் நீளத்தையும் பொறுத்தது. அரை மீட்டர் கால்அலைக் கம்பிக்குச் சின்னக் காந்தம் போதும். ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நிற்கிற எட்டில் ஐந்து அலைக் கம்பியைச் சின்னக் காந்தத்தில் வைத்துக்கொண்டு பைபாஸில் பறந்தால், எதிரே வருகிற லாரி கிளப்புகிற காற்றில் போய்விடும். அது உங்கள் கண்ணாடியைத் தட்டினால் உங்கள் பாடு, பின்னால் வருகிற பைக் ஓட்டுபவர் முகத்தில் பட்டால்? நெடுஞ்சாலைக்குக் குட்டையான கம்பி, பெரிய காந்தம்.

கீறல் விழுவது காந்தத்தால் இல்லை, அடியில் மாட்டிக்கொள்கிற மண்ணால். வாரம் ஒரு முறை தூக்கித் துடையுங்கள். இழுத்து நகர்த்தக் கூடாது, ஒரு ஓரத்தைச் சாய்த்துத் தூக்க வேண்டும். ஒரே இடத்தில் மாதக் கணக்கில் விட்டால் வெயிலில் சுற்றியுள்ள பெயின்ட் மங்கி வட்டம் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

கேபிளை எங்கே உள்ளே விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. முன்கதவு வழியாக என்றால் ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் கேபிள் நசுங்குகிறது. மேல் தோல் நன்றாகத்தான் தெரியும், உள்ளே வலை அறுந்து நடுக்கம்பி இடம் மாறியிருக்கும். பின்கதவின் மேல்விளிம்பில் ரப்பர் தடிமனாக, மெத்தென்று இருக்கும், அங்கே விடுங்கள். உள்ளே நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

அப்புறம், கண்ணாடிக் கூரைக் காருக்கும் அலுமினியக் கூரை வண்டிக்கும் காந்தம் உதவாது. வாங்குவதற்கு முன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற பொம்மையைக் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள்.

என்னிடம் இருப்பது மஹிந்திரா தார் ஜீப். மேல்பகுதி ஃபைபர் ஹார்ட் டாப். கூரையில் தகரமே இல்லையே, என்ன செய்வது?
— ஒரு வாசகர், தேனி

கான்வாஸ் கூரை போட்ட ஜிப்ஸிக்காரர்களுக்கும் இதே கதைதான்.

உங்களுக்கு இரண்டு வழி. தகரம் இருக்கிற இடத்துக்கு ஏரியலைக் கொண்டுபோவது ஒன்று, பானெட் ஓரம் அதற்குத் தோதான இடம். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஒரு எல் வடிவப் பட்டை, அது உள்ளே இருக்கிற ஏதாவது போல்ட்டோடு சேர்கிற மாதிரி. துளை வேண்டாம், எர்த்தும் கெட்டியாகக் கிடைக்கும். டிரைவருக்கு எதிர்ப் பக்கமாக வையுங்கள், பார்வைக்கு மறைக்காது. சிக்னல் முன்பக்கமும் குறுக்காகவும் பலமாக இருக்கும், பின்பக்கம் கொஞ்சம் குறையும். 145-ல் இது பெரிய குறை இல்லை. 435-ல் கம்பியே 17 சென்டிமீட்டர்தான், வண்டியின் கேபின் அதற்குச் சுவர் மாதிரி நின்று மறைக்கும், அங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, கீழே தகரம் கேட்காத அரை அலை ஏரியல். 145-க்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரும். பின்னால் ஸ்டெப்னி தொங்குகிற சட்டத்தில் ஒரு பட்டை அடித்து அதில் நிறுத்தலாம், கம்பி கூரையைத் தாண்டி மேலே தெரிய வேண்டும். ஸ்டெப்னி டயருக்குள் கம்பியும் பெரிய ரிம்மும் இருக்கிறது என்பதை மறந்து அதற்கு ஒட்டின மாதிரி ஏரியலை நிறுத்துகிறார்கள். ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

காட்டுப் பாதைக்குப் போகிற வண்டி என்றால் அடியில் ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள். புளியங்கிளைக்கு வளையாத கம்பி மவுன்ட்டையே பெயர்த்துவிடும்.

ஃபைபர் கூரையின் உள்பக்கம் தாமிரத் தகடு ஒட்டி அதன்மேல் ஏரியல் வைக்கலாமா என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஓடும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தகடு, தலைக்கு மேலே வெயிலில் பசை விட்டு உரியாமல் இருக்க வேண்டும். நான் பானெட்டையே சொல்வேன்.

எஸ்.யூ.வி. கூரையில் ஏற்கெனவே கேரியர் இருக்கிறது. அதில் கிளாம்ப் போட்டு ஏரியல் வைத்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். (ஏரியலுக்குப் போன பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுகிற அளவு, 1-ஐ நெருங்கினால் நல்லது) 3-க்குக் கீழே வரவே மாட்டேன் என்கிறது. ஏரியலை மாற்றிப் பார்த்தும் அப்படியே.
— ஒரு வாசகர், நாகர்கோவில்

இன்னும் பத்து ஏரியல் மாற்றினாலும் வராது. உங்கள் கேரியர் எர்த் ஆகவில்லை. மேலே கறுப்புப் பவுடர் கோட்டிங், காலுக்கு அடியில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக், சில வண்டிகளில் கூரை ரெயிலின் மூலைகளே பிளாஸ்டிக். கேபிளின் வெளிவலை கேரியரோடு நின்றுவிடுகிறது, கூரைக்குப் போகவே இல்லை.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு முனையைக் கிளாம்ப்பிலும் மறுமுனையைக் கதவுக் கீல் போல்ட்டிலும் தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் அங்கேதான் கோளாறு. கிளாம்ப் கடிக்கிற இடத்தில் கோட்டிங்கை அரத்தால் தேய்த்து எடுத்து, கேரியர் காலிலிருந்து கூரை ரெயிலைப் பிடித்திருக்கிற போல்ட்டுக்கு அகலமான பின்னல் பட்டை போடுங்கள். மெல்லிய வயர் வேண்டாம், இந்த அதிர்வெண்ணில் நீளமான ஒல்லி வயர் இருந்தும் இல்லாத மாதிரிதான். பட்டை ஒரு சாணுக்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருப்பது கடல் காற்று ஊர், இணைப்பை இறுக்கியதும் கிரீஸ் வைத்து மூடாவிட்டால் அடுத்த வருஷம் இதே கேள்வியை அனுப்புவீர்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் அரை அலை ஏரியல் போடுங்கள், தார்க்காரருக்குச் சொன்னதுதான்.

டிக்கிக் கதவில்தான் வைத்திருக்கிறேன், எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டுகிறது. அப்படியானால் இடம் சரிதானே?
— ஒரு வாசகர், திருப்பூர்

ஏரியலுக்குப் பதிலாக ஒரு 50 ஓம் டம்மி லோடை (பவரைக் காற்றில் விடாமல் சூடாகவே தீர்க்கிற ரெசிஸ்டர்) மாட்டினால் 1.0 காட்டும். சிக்னல் தெருவைத் தாண்டாது.

அந்த மீட்டர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: செட்டிலிருந்து போன பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது. 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, 2 என்றால் 11, 3 என்றால் 25. போன பவர் எந்தத் திசைக்குப் போனது, கேபிளில் சூடாகவே தீர்ந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கேபிள் நீளமாக, மட்டமாக இருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். இன்னும் அழகாகக் காட்டும், ஏனென்றால் திரும்பி வருகிற பவரையும் கேபிளே தின்றுவிடுகிறது. ஆர்.ஜி. 58 கேபிளில் ஐந்து மீட்டருக்கு 145-ல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பவர் போய்விடும், 435-ல் மூன்றில் ஒரு பங்கு. காந்த ஏரியலோடு வருகிற பென்சில் முனை அளவு மெல்லிய கேபிள் அதைவிட மோசம். மிச்சத்தைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் போடுவதைவிட அளந்து வெட்டி புது கனெக்டர் போடுங்கள்.

இடம் சரியா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. அறுவடை முடிந்த வயல், காலி மைதானம், ஏதாவது திறந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு நண்பரை செட்டின் சிக்னல் மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த பவரில், ரிப்பீட்டர் இல்லாமல் நேராக. வண்டியை நிற்கிற இடத்திலேயே எட்டுத் திசைக்கும் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் பத்து விநாடி பேசி, அவர் சொல்கிற அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு, டிக்கி எல்லாம் சாத்தியிருக்க வேண்டும், யாரும் வண்டியில் சாய்ந்து நிற்கக் கூடாது. கூரை நடுவில் இருக்கிற ஏரியலுக்கு எட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். உங்களுக்கு எப்படி வருகிறது என்று எழுதுங்கள்.

தனியார் ஆம்புலன்ஸ் நடத்துகிறோம், உரிமத்தோடு வி.எச்.எஃப். செட் இருக்கிறது. கூரையில் சுழல் விளக்கு பார், ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கிறது. விளக்கைப் போட்டதும் செட்டில் இரைச்சல். எங்கே தள்ளி வைப்பது?
— ஒரு வாசகர், வேலூர்

உங்களுக்குக் கூரை நீளமானது, அதுவே பெரிய வசதி. எல்.இ.டி. விளக்கு பாருக்குள் மின்னழுத்தத்தை மாற்றித் தருகிற சின்ன சர்க்யூட்டுகள் இருக்கின்றன, மலிவான பார்களில் அவை வி.எச்.எஃப். முழுக்க இரைச்சலைக் கொட்டுகின்றன. விளக்கு முன்பக்கம் என்றால் ஏரியலைப் பின்பக்கம், நடுக்கோட்டில், பின் விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். விளக்கு பாரின் உயரமும் கணக்கு: ஏரியல் அதற்குப் பக்கத்தில் நின்றால் இரைச்சலோடு மறைப்பும் சேரும்.

தள்ளி வைத்தும் இரைச்சல் இருந்தால் அது காற்றில் வருகிறதா, பவர் வயரில் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். ஏரியல் கேபிளை செட்டிலிருந்து கழற்றிவிட்டு விளக்கைப் போடுங்கள். அப்போதும் ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால் வயரிங்; நின்றுவிட்டால் ஏரியல் வழியாக வருகிறது, விளக்கு பாருக்குப் போகிற வயரில் ஃபெரைட் கிளிப்புகள் (இரைச்சலைத் தடுக்க வயரைக் கவ்வி மாட்டுகிற வளையங்கள்) போட்டுப் பாருங்கள். கடைசியில் விளக்கையே மாற்ற வேண்டியதாகலாம்.

ஜி.பி.எஸ். ஏரியலும் ரேடியோ ஏரியலும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. இரண்டாவது ரேடியோவும் வைக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு ஏரியலும் முடிந்தவரை கூரையின் இரண்டு கோடியில், ஒன்று பேசும்போது இன்னொன்று காது அடைத்துப்போவது குறையும்.

செட்டுக்கு கரண்ட் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுக்கலாமா?
— ஒரு வாசகர், சென்னை

5 வாட் வாக்கி டாக்கி சார்ஜருக்கு எடுங்கள். 25 வாட், அதற்கு மேல் என்றால் நேராக பேட்டரியிலிருந்து, தடித்த வயரில், ஃப்யூஸ் பேட்டரி பக்கத்திலேயே. புதிய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருந்தால் செட்டின் நெகட்டிவை அந்த முனையில் சேர்க்காமல், பேட்டரியின் எர்த் வயர் உடம்போடு சேருகிற போல்ட்டில் சேருங்கள். இல்லாவிட்டால் பேட்டரி கணக்கு தப்பும்.

7 மெகாஹெர்ட்ஸில் காரிலிருந்தே பேச ஆசை. கூரை நடுவில் வைக்கலாமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

7 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை என்பது பத்து மீட்டருக்கு மேல். கூரையில் இரண்டரை மீட்டர் கம்பி நிறுத்தினாலே தரையிலிருந்து நாலு மீட்டர் வந்துவிடும், நம் தெருக்களில் குறுக்கே போகிற மின்கம்பி எவ்வளவு தாழ்வாகத் தொங்கும் என்று உங்களுக்கே தெரியும். இது விளையாட்டு இல்லை. 7 மெகாஹெர்ட்ஸ் மாதிரி எச்.எஃப். பேண்டுகளின் கம்பியைக் கூரையில் வைக்காதீர்கள்.

பின்பக்க பம்பர், இழுவைக் கொக்கி, அல்லது பிக்கப் வண்டியானால் தொட்டியின் ஓரச் சுவர், இவைதான் இடங்கள். கம்பியின் குட்டைத்தனத்தை ஈடுகட்ட நடுவில் காயில் வரும். அந்தக் காயில் வண்டி உடம்புக்குப் பக்கத்தில் ஒடுங்கி நிற்காமல் மேலே திறந்த வெளியில் இருக்க வேண்டும், டிக்கிக் கதவுக்கு இரண்டு விரல் தள்ளிக் காயிலை நிறுத்தினால் செட் கொடுக்கிற பவர் தகரத்தைச் சூடாக்கத்தான் உதவும். எல்லாம் சரியாக அமைந்தாலும் கொடுக்கிற பவரில் சில சதவீதம்தான் காற்றில் போகும், அதிலேயே நாடு முழுக்கப் பேசுகிறார்கள் என்பதுதான் இந்தப் பேண்டின் அழகு.

இங்கே காரின் முழு உடம்பும் சேர்ந்தும் போதாது என்பதால் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக இணைக்க வேண்டியிருக்கிறது: கதவுகள், பானெட், டிக்கி, புகைக்குழாய் எல்லாவற்றுக்கும் பின்னல் பட்டை. புகைக்குழாயை விட்டுவிடாதீர்கள், ரப்பரில் தொங்குகிற அது எஞ்சின் இரைச்சலை வாங்கித் தனி ஏரியலாக வெளியே விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுக்கத் தயாராக இருங்கள்.

காந்த மவுன்ட்டில் எச்.எஃப். வேண்டாம், பெயின்ட் வழி இணைப்பு அந்த அதிர்வெண்ணில் போதாது.

எலக்ட்ரிக் கார் வாங்கினால் ரேடியோ ஓடுமா?
— ஒரு வாசகர், ஓசூர்

வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். பெரும்பாலும் ஓடும். எச்.எஃப்.-ல் மோட்டார் இன்வெர்ட்டர் இரைச்சல் பெரிய தொல்லை, வண்டி நிற்கும்போது பேசிக்கொள்ள வேண்டியதுதான். வாங்குவதற்கு முன் டெஸ்ட் டிரைவின்போது ஒரு வாக்கி டாக்கியையும் சின்ன ஷார்ட் வேவ் ரேடியோவையும் கையில் கொண்டுபோங்கள், விற்பனைப் பையன் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும். ஆரஞ்சு நிற வயர் எங்கே போனாலும் அதன் பக்கம் டிரில்லோடு போகாதீர்கள், அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

ஆன்லைனில் வாங்கின வாக்கி டாக்கியில் வெளி ஏரியல் மாட்டி, இரண்டு காருக்கும் நடுவில் டூர் போகும்போது பேசலாமா? உரிமம் எதுவும் இல்லை.
— ஒரு வாசகர், திருச்சி

கூடாது. ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக அது சட்டப்படி சரி ஆகிவிடாது. உரிமம் தேவைப்படாத வகை கைசெட்டுகள் தனியாக இருக்கின்றன, அவற்றில் ஏரியலைக் கழற்றவோ வெளி ஏரியல் மாட்டவோ கூடாது. ஆசை இருந்தால் ஹாம் பரீட்சை எழுதுங்கள், உழைத்துப் படித்தால் பாஸாகிவிடலாம், அப்புறம் கூரையில் என்ன வேண்டுமானாலும் வையுங்கள். உரிமத்தின் நகல் ஒன்று டேஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும், செக்போஸ்ட்டில் கேட்டால் காட்ட உதவும்.

எங்கள் ஃபைபர் படகில் மெரைன் வி.எச்.எஃப். ஏரியலை உட்காருகிற பலகை ஓரத்திலேயே கட்டியிருக்கிறோம். கரைக்குச் சரியாகக் கேட்பதில்லை.
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

வண்டிப் பகுதியில் படகு வந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஃபைபரில் தகரம் இல்லை, அரை அலை மெரைன் ஏரியல்தான் வேண்டும். அப்புறம் உயரம். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். ஒரு மீட்டரில் கட்டினால் 4 கிலோமீட்டர், நாலு மீட்டர்க் கழியில் ஏற்றினால் 8. கரையில் இருக்கிறவரின் ஏரியலுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு, இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். 16-ஆம் சேனலில் ஆபத்துக்குக் கூப்பிடுகிற நாள் வந்தால் அந்தக் கழிதான் கை கொடுக்கும். ஆள் இடிக்காத இடத்தில், வலை இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக நிறுத்துங்கள், கேபிள் கனெக்டரில் தானாக ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

கூரையில் 50 வாட் ஏரியல், கீழே என் குழந்தைகள். கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?
— ஒரு வாசகி, ஈரோடு

தகரக் கூரைதான் இதற்கும் நல்ல இடம், உங்களுக்கும் ஏரியலுக்கும் நடுவில் உலோகம் நிற்கிறது. தவிர்க்க வேண்டியது பின்கண்ணாடிக்கு நேர் பின்னால், பின்சீட்டில் இருக்கிறவர் தலை உயரத்துக்கு வருகிற மாதிரி டிக்கி ஓரத்தில் வைப்பதும், கண்ணாடியில் ஒட்டுகிற ஏரியலும். வண்டி நிற்கும்போது யாராவது கூரைப் பக்கமாகச் சாய்ந்து நின்றால் மைக்கை அழுத்தாதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஃபைபர் கூரை வண்டியில் தலைக்கு மேலே ஏரியல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

மெஷின் வாஷுக்கு வண்டி கொடுக்கும்போது ஏரியலைக் கழற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

கழற்றி, மவுன்ட்டுக்கு மூடி போட்டுவிட்டுக் கொடுங்கள். மால் பேஸ்மென்ட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலும் அப்படியே.